சூட்டுப் புண் இல்லை

வாயில் புண் வந்தால் கரிசல் காட்டில் யாரும் பெரிதாகக் காரணம் தேடுவதில்லை. 'உடம்புச் சூடு' என்பார்கள். மணத்தக்காளிக் கீரையை வதக்கிச் சாப்பிட்டுவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருபது வருடங்களாகப் பட்டாசு ஆலைக்குப் போய்வந்த அந்த அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். மார்பகப் புற்றுநோய்க்காக மதுரையில் கீமோதெரபி நடக்கிறது. இரண்டாவது ஊசி போட்ட ஏழாம் நாள், உதட்டின் உட்புறம் எரிய ஆரம்பித்தது. மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ஊசியைத் தள்ளிவைப்பார்கள், சிகிச்சை நீளும், தீபாவளி நேரத்து வேலையும் போகும் என்ற பயம். "பசிக்கலை தாயி" என்று மூன்று நாள் சமாளித்தார். சாயங்காலம் டீயோடு சாத்தூர் சேவு இல்லாமல் இருக்க முடியாதவர். பொட்டலம் பிரிக்காமலே கிடந்ததைப் பார்த்துத்தான் மகளுக்குச் சந்தேகம் வந்தது.

மருத்துவமனையில் செவிலியர் டார்ச் அடித்துப் பார்த்தார். "இது சூடு இல்லம்மா. வேகமா வளர்ற செல்லை இந்த மருந்து அழிக்கும். வாய்க்குள்ள இருக்கிற தோலும் வேகமா வளர்றதுதான். அதையும் சேர்த்து அழிச்சிடுது" என்றார். பொதுவாக ஊசி போட்ட 5 முதல் 10 நாட்களுக்குள் புண் தலைகாட்டும். இரண்டு, மூன்று வாரங்களில் ஆறிவிடும். ஆனால், ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைவதும் அதே நாட்களில்தான். அப்போது புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

செவிலியர் சொன்ன பக்குவம் எளிமையானது. கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் உப்பு 1 டீஸ்பூன், ஆப்பசோடா 1 டீஸ்பூன் கலந்து, சாப்பிட்ட பிறகும் தூங்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். மிருதுவான பிரஷ் போதும், பல்பொடி வேண்டாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், வெற்றிலை பாக்கு, புகையிலை கூடவே கூடாது. காரம், புளிப்பு இல்லாமல் குழைந்த பருப்பு சாதம், கஞ்சி, நன்றாக வெந்த முட்டை எனச் சூடு ஆறியதும் கொடுக்கலாம். வலி அதிகமென்றால் சாப்பிடும் முன் தடவ, மரத்துப்போகும் ஜெல்லை டாக்டர் எழுதித் தருவார். வாயில் வெள்ளைப் படலம் தெரிந்தாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ உடனே சொல்ல வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மூன்று நாள் பட்டினியில் அந்த அம்மாவின் எடை குறைந்திருந்தது. எதற்குப் பயந்து மறைத்தாரோ அதுவே நடந்தது. மூன்றாவது ஊசி ஒரு வாரம் தள்ளிப்போனது. நான்காவது ஊசிக்கு நாள் தவறவில்லை.

இப்போது அவர்கள் வீட்டுத் தினசரி காலண்டரில், ஒவ்வொரு ஊசிக்கும் அடுத்து வரும் ஐந்தாம் நாள் தாளில் மகள் பேனாவால் எழுதிவைத்திருக்கிறாள்: 'அம்மா வாயைப் பார்க்கணும்.'