காந்தலுக்குக் காத்திருக்கும் ஊர்

ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில் ராத்திரி எட்டு மணிக்குக்கூட 'பயேயா' கிடைக்கும். வாசலில் வண்ணப் படம் போட்ட பலகை இருக்கும். பத்தே நிமிடத்தில் மஞ்சள் சோறு மேஜைக்கு வந்துவிடும். ஆனால், உள்ளூர்க்காரர் ஒருவரையும் அங்கே பார்க்க முடியாது. பயேயா மதியச் சாப்பாடு; ராத்திரியில் அது வயிற்றுக்குப் பாரம் என்பது அவர்கள் கணக்கு. பத்து நிமிடத்தில் வருகிறது என்றால், எப்போதோ ஆக்கியதைச் சுடவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அசல் ருசி வேண்டுமென்றால் நகரத்துக்குத் தெற்கே, அல்புஃபேரா ஏரிக்கரையில் இருக்கும் எல் பால்மார் கிராமத்துக்குப் போக வேண்டும். நகரப் பேருந்திலேயே போகலாம். ஒரு காலத்தில் தீவாக இருந்த மீனவ ஊர். சுற்றிலும் நெல் வயல். தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கடைகள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் கடைகள் நிரம்பிவிடும். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று நீளமான மேஜைகளில் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்கும். முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறைந்து பயேயா தருவதில்லை. ஆர்டர் கொடுத்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள் என்பதால் முக்கால் மணி நேரமாவது ஆகும். அதுவரை பசிக்கு 'ஆல் இ பெப்ரே' என்ற விலாங்கு மீன் குழம்பு. பூண்டும் காரமில்லாத மிளகாய்ப் பொடியும் உருளைக்கிழங்கும் போட்டது. ருசி அபாரம்தான்; ஆனால், ஐரோப்பிய விலாங்கு இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினம் என்பது தெரிந்தால் இரண்டாவது கரண்டிக்குக் கை தயங்கும்.

பயேயா என்ற சொல்லுக்கு அர்த்தமே வாணலிதான். அகலமான, ஆழமில்லாத இரும்புச் சட்டி. பழைய முறையில் அடியில் ஆரஞ்சு மர விறகு எரியும். ஆலிவ் எண்ணெயில் கோழியும் முயலும் சிவக்க வதங்க வேண்டும். பிறகு பட்டை பீன்ஸ், டபுள் பீன்ஸ் மாதிரியான 'கர்ரோஃபோ', தக்காளி, தண்ணீர், குங்குமப்பூ. கடைசியில் அரிசி. அரிசி விழுந்த பிறகு கரண்டி போட்டுக் கிளறக் கூடாது. கிளறினால் குழைந்துவிடும். அதைவிட முக்கியம், அடியில் காந்தல் பிடிக்காது. 'சொக்கர்ராத்' என்று அவர்கள் சொல்லும் அந்தக் காந்தல்தான் சாப்பாட்டின் உச்சம். கொஞ்சம் தப்பினால் கரிந்துவிடும். சமையல்காரர் சட்டியில் எழும் சடசடப்பைக் காதால் கேட்டுத்தான் இறக்குகிறார்.

சட்டி அப்படியே மேஜை நடுவில் வரும். வீட்டு வழக்கப்படி தட்டே கிடையாது. ஆளுக்கொரு கரண்டி. தன் முன்னால் இருக்கும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கம் கரண்டி நீள்வது மரியாதையில்லை.

இந்தச் சோற்றில் வேறு எதையாவது சேர்த்தால் வலென்சியாக்காரர்களுக்குப் பொல்லாத கோபம் வரும். 2016-ல் பிரிட்டிஷ் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர், சொரிசோ என்ற பன்றிக்கறி சாசேஜைச் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார். 2021-ல் மாகாண அரசு பயேயாவைக் கலாசாரச் சொத்தாகவே அறிவித்துவிட்டது.

அறிவிப்பு சோற்றைக் காப்பாற்றலாம். ஏரியை? சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உள்ள அல்புஃபேரா, 1986-லிருந்து இயற்கைப் பூங்கா. அதன் நீர்மட்டத்தை மதகுகள் வழியாக நெல்லின் பருவத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குகிறார்கள். அறுவடை முடிந்த வயலில் குளிர்காலத்தில் தண்ணீர் கட்ட, பறவைகள் வந்து இறங்குகின்றன. பல பத்தாண்டுகளாகக் கழிவுநீரும் உரமும் கலந்து ஏரி நலிந்திருக்கிறது. 2024 அக்டோபர் 29 பெருவெள்ளம் 200-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததோடு, ஊர்களின் சேற்றையும் குப்பையையும் இந்த ஏரியில்தான் கொண்டுவந்து கொட்டியது.

சைவம் சாப்பிடுபவர்கள் காய்கறிச் சோறு கேட்கலாம். ஆனால், கறி வேகவைத்த சாற்றில் ஆக்கியதா என்று முதலிலேயே விசாரித்துவிட வேண்டும். மற்றபடி அவசரம் வேண்டாம். சட்டியின் அடியைச் சுரண்டி முடித்த பிறகும் ஐந்து மணி வரை பேச்சு நீளும். கேட்கும்வரை யாரும் பில்லைக் கொண்டுவந்து வைப்பதில்லை.