நான்கு விண்மீன்கள் போதும்

இரவு வானைப் படமெடுத்து அஸ்ட்ரோமெட்ரி.நெட் என்ற இணையதளத்தில் ஏற்றினால், எங்கே எப்போது எடுத்தது என்று சொல்லாமலே வானின் எந்தப் பகுதி என்று கண்டுபிடித்துவிடுகிறது. என்னை அசத்துவது அதன் வழிமுறைதான். விண்மீன்களை நான்கு நான்காகச் சேர்க்கிறது. மிகத் தள்ளியிருக்கும் இரண்டை அளவுகோலாக்கி, மற்ற இரண்டின் இடத்தை நான்கு எண்களில் குறிக்கிறது. படத்தைத் திருப்பினாலும் பெரிதாக்கினாலும் அந்த எண்கள் மாறாது! விண்மீன் அட்டவணையிலிருந்து முன்பே கணித்து வைத்தவற்றோடு அவற்றை ஒப்பிடுகிறது. பொருந்தினாலும் உடனே நம்பாது. அப்படியானால் அக்கம்பக்கத்தில் வேறெந்த விண்மீன்கள் தெரிய வேண்டும் என்றும் சரிபார்க்கும். இந்த நிதானம் எனக்கு மிகப் பிடிக்கும்.

டஸ்டின் லாங், டேவிட் ஹாக் குழுவினர் 2010இல் இதை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். நிரலும் எல்லோருக்கும் இலவசம். வானம் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவசியம் காட்டுங்கள்.