பெரணமல்லூர்த் தறியும் அயல்நாட்டு ஆங்கிலமும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்குத் தென்கிழக்கிலும் வந்தவாசிக்கு மேற்கிலுமாக அமைந்த சிறிய பேரூர் பெரணமல்லூர். 2008-ஆம் ஆண்டின் தொகுதிச் சீரமைப்பு வரையில் இவ்வூரின் பெயரால் ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. எனினும் இவ்வட்டாரத்தை வெளியுலகு அறிவது பட்டினால்தான். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் புகழ் ஆரணி நகருக்கு மட்டும் உரியதன்று. சுற்றியுள்ள ஊர்களின் தறிகளுக்கும் அதில் பங்குண்டு.

அண்மையில் இவ்வூருக்குச் சென்ற நாம் நெசவாளர் ஒருவரின் இல்லத்தில் சிறிது நேரம் தங்கினோம். குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து, குடும்பத் தலைவர் நெய்து கொண்டிருந்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் அவருடைய மகள், அச்சிட்ட தாளொன்றை நம்மிடம் நீட்டினாள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று கோடைக் காலத்தில் நான்கு வாரம் நடத்தும் ஆங்கில வகுப்பைப் பற்றிய விவரம் அதில் இருந்தது. தந்தையார் தறியை நிறுத்திவிட்டு, “சாமி, நகையை அடகு வைத்தால் அனுப்பி விடலாம். அனுப்பலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார்.

இக்கேள்வி இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் எழுவதாகும். ஆகவே அங்கு நாம் கூறியவற்றைச் சற்று விரித்து, வாசகர்கள் முன் வைக்கிறோம்.

ஆங்கிலம் இந்த மண்ணுக்கு வந்த வழியை முதலில் நினைவுகூர்வது நலம். பெரணமல்லூருக்குக் கிழக்கேயுள்ள வந்தவாசியில், 1760 ஜனவரி 22 அன்று, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்றார். மறு ஆண்டு புதுச்சேரியும் வீழ்ந்தது. அன்று வெற்றி கைமாறியிருந்தால், நம் பிள்ளைகள் இன்று பிரெஞ்சு வகுப்புக்கு அலைந்து கொண்டிருக்கவும் கூடும். ஆங்கிலம் நம்மிடம் நிலைத்தது ஆட்சியின் வலிமையால். தமிழ் தாழ்ந்த மொழி என்பதால் அன்று. எனவே, ஆங்கிலம் பேச வராத பிள்ளை வெட்கித் தலைகுனிய வேண்டுவதில்லை. அதனைப் பயனுள்ள கருவியாகக் கருதிக் கற்றால் போதும்.

மொழி கற்க எவ்வளவு காலம் வேண்டும்? அதற்கும் இப்பகுதியே சான்று தருகிறது. பெரணமல்லூருக்குத் தென்மேற்கேயுள்ள சேத்துப்பட்டில், பிரான்சு நாட்டிலிருந்து வந்து பல பத்தாண்டுகள் உழைத்த தாராஸ் அடிகளாரை நம் குடும்பங்கள் நன்கறியும். அவரும் அவரைப் போன்ற குருக்களும் தமிழைக் கற்றது ஒரு கோடை வகுப்பில் அன்று; மக்களோடு மக்களாய் வாழ்ந்தே கற்றனர். 1839-ல் தமிழகம் வந்த ஜி. யு. போப் அவர்கள் திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது 1886-ல். இடையில் கழிந்தவை நாற்பத்தேழு ஆண்டுகள்!

நம் பிள்ளைகளுக்கு அத்துணைப் புலமை தேவையில்லை என்பது உண்மையே. குறுகிய காலத் தீவிரப் பயிற்சிக்கும் அதற்குரிய மதிப்பு உண்டு. 1941-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம், சார்லஸ் ஃப்ரீஸ் என்னும் மொழியியல் அறிஞரின் தலைமையில், பிற நாட்டவர்க்கு ஆங்கிலம் கற்பிக்க ஒரு நிறுவனத்தைத் தொடங்கிற்று. இன்றோ, ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் பலவும் கோடையில் இத்தகைய வகுப்புகளை நடத்துகின்றன.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். 2001-ல் வெளியான ஐரோப்பியப் பொது அளவுகோல், மொழித்திறனை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. மூன்றாம் படியை எட்டுவதற்கு 350 முதல் 400 மணி நேரமும், நான்காம் படியை எட்டுவதற்கு 500 முதல் 600 மணி நேரமும் ஆசிரியர் துணையுடன் பயில வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுத் துறையின் மதிப்பீடு. வாரத்துக்கு 20 மணி வீதம் நான்கு வாரத்துக்கு 80 மணி நேரமே கிடைக்கும். அது ஒரு படியில் பாதி ஏறுவதற்கே போதுமானது. வீட்டில் நாள்தோறும் ஒரு மணி நேரம் முயன்றாலோ, ஓராண்டில் 300 மணிக்கு மேல் சேர்ந்துவிடும்.

இதனைக் கேட்ட அம்மாணவி, “படிப்பதும் எழுதுவதும் எனக்கு வரும், ஃபாதர். வாய்திறந்து பேசத்தான் வரவில்லை. இங்கே யாரோடு பேசுவது?” என்றாள். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. கடையிலும் பேருந்திலும் தங்கும் வீட்டிலும் ஆங்கிலத்தையன்றி வேறொன்றும் செல்லாத நிலையை அயல்நாடுதான் தரக்கூடும். கூச்சம் அங்கே தானே கரையும். வகுப்பில் ஜப்பானியரும் ஸ்பானியரும் தத்தம் பிழைகளோடு துணிந்து பேசுவதைக் கண்டால், நம் பிள்ளைக்கும் துணிவு பிறக்கும். ஆயினும் தமிழ் மாணவர் இருவர் ஒரே அறையில் தங்கித் தமிழிலேயே பேசிக் கழித்தால், செலவிட்ட பணத்தில் பாதி வீண்.

பெற்றோர் அறிய வேண்டியவை வேறு சிலவும் உண்டு. இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட வகுப்புக்குப் பார்வையாளர் விசாவிலேயே செல்லலாம். ஆனால் அவ்விசாவில் ஊதியத்துக்கு வேலை செய்ய இயலாது. ‘அங்கே சம்பாதித்து அடகை மீட்கலாம்’ என்னும் பேச்சை நம்ப வேண்டாம். வகுப்புக்கு வந்தமைக்கான சான்றிதழ் வேறு, ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்வின் மதிப்பெண் வேறு. மேற்படிப்புக்குப் பெரிதும் கேட்கப்படுவது பின்னதே. அத்தேர்வை நம் நாட்டிலேயே எழுதலாம்.

தந்தையார் யாவற்றையும் பொறுமையாய்க் கேட்டார். பின்னர்த் தறியைக் காட்டி, “பாவு சரியாக ஏறாத தறியில் நாடாவை ஓட்டி என்ன பயன்? பாவை இங்கேயே போடட்டும், ஊடைக்கு அப்புறம் போகட்டும்” என்றார். நாம் அரைமணி நேரம் கூறியதை அவர் இரண்டே வரியில் முடித்துவிட்டார்.

முடிவில், அடகு வைக்கும் எண்ணம் ஓராண்டுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அதுவரை, தன் தோழி ஒருத்தியோடு நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசுவதென அம்மாணவி ஒப்புக்கொண்டாள். அவள் முகத்தில் ஏமாற்றம் தெரியவே செய்தது, அதனை மறைப்பதற்கில்லை. இளம் உள்ளத்துக்கு ஓராண்டு நீண்ட காலம் அன்றோ?

பிள்ளைகளின் ஆசையை ஒரே சொல்லில் மறுக்கும் பெற்றோரும் உளர். கணக்குப் பாராது கடன்படும் பெற்றோரும் உளர். இவ்விரண்டுக்கும் நடுவே, பிள்ளையோடு அமர்ந்து பேசி, செலவையும் பயனையும் எடைபோடும் வழியொன்று உண்டு. அயல்நாட்டு வகுப்பு அடுத்த ஆண்டும் நடைபெறும். அதற்குள் 300 மணி நேரம் உழைத்த பிள்ளைக்கு, அங்குள்ள 80 மணி நேரம் பன்மடங்கு பயன் தரும். அப்போது மகிழ்வோடு வழியனுப்பி வையுங்கள்.