சார்ந்திருப்பவர்

மலேசியனான நான் சிங்கப்பூரில் எஸ் பாஸில் வேலை செய்கிறேன். மனைவியைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள டிபெண்டன்ட் பாஸ் வேண்டும். அதற்கு என் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். 2015 செப்டம்பருக்கு முன் 4,000 போதுமாக இருந்தது. பிறகு 5,000 ஆனது. 2018 முதல் 6,000.

'நிலையான' என்ற சொல்தான் இடிக்கிறது. என் ஒப்பந்தத்தில் இருப்பது 4,800. நடுராத்திரியில் மெஷின் நின்றால் ஓடிப்போய்ப் பார்ப்பதற்கான படி, ஓ.டி. எல்லாம் சேர்ந்தால் சில மாதங்களில் 6,000-ஐத் தொட்டுவிடும். ஆனால் மாதாமாதம் மாறும் காசு கணக்கில் சேராது. அவளை விட்டு விலகியிருந்து சம்பாதிக்கும் காசு, அவளைக் கூட்டிவர உதவாது.

ஜொகூர் பாருவில் அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை.

"உங்க சம்பளத்த மட்டும் கேக்குறாங்க, என்னோடத யாருமே கேக்கலயேங்க?" என்றாள்.

உண்மைதான். எங்கள் வீட்டில் மாறாமல் வருவது அவள் சம்பளம். வீட்டு வாடகை அதில்தான் போகிறது.

டிபெண்டன்ட் என்றால் சார்ந்திருப்பவர். பாஸ் கிடைத்து வந்தாலும், 2021 மே முதல் உள்ள விதிப்படி, ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர அவளுக்குத் தனியாக வேலை அனுமதி வேண்டும். அது கிடைக்காவிட்டால், இன்று வாடகை கட்டுகிறவள் பாலத்தைக் கடந்ததும் அட்டையில் உள்ளபடியே ஆகிவிடுவாள்.

அடுத்த மாதம் சம்பளப் பேச்சு. 6,000 கேட்கத்தான் போகிறேன். கொடுத்தால், விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். விடப்போவது அவள் வேலை.