கதிரையின் சொந்தக்காரர்கள்

உங்கள் வீட்டில் எதில் இருந்து சாப்பிடுவீர்கள்: கதிரையிலா, நாற்காலியிலா? எங்கள் வீட்டில் எப்போதும் கதிரைதான். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்குக் கொண்டுவந்த சொல். சின்ன வயதில் தமிழ் வகுப்பில் அதை எழுதியபோது, "இது தமிழ் இல்லை" என்று வெட்டிவிட்டு மேலே 'நாற்காலி' என்று எழுதித் தந்தார்கள். நான்கு கால் உள்ளது நாற்காலி, நல்ல சொல்தான். ஆனால் அதற்குப் பிறகு, நன்றாகத் தமிழ் தெரிந்த பெரியவர்களுக்கு முன்னால் வாய் திறக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டில் கதைப்பது முழுக்கப் பிழையான தமிழோ என்ற பயம். உங்களில் சிலருக்கும் அந்தப் பயம் இருக்கலாம். உங்களுக்காகத்தான் இந்தச் சொல்லின் கதை.

போர்த்துக்கேயர் 1505-ல் இலங்கைக்கு வந்தார்கள். 1619-ல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். 1658-ல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆட்சி போய்விட்டது, சொற்கள் தங்கிவிட்டன. மேசை, யன்னல், பாண் எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. 'கதிரை'யும் அப்படித்தான், அவர்களுடைய மொழியில் 'கதெய்ரா'.

கதெய்ராவின் தாய், லத்தீனில் உள்ள 'காதெட்ரா'. லத்தீன் அதைக் கிரேக்கத்திடம் இரவல் வாங்கியது. முதலில் அது வெறும் இருக்கை. பிறகு ஆசிரியர் இருந்து பாடம் சொல்லும் இருக்கை. கிறிஸ்தவம் பரவியபின் ஆயரின் இருக்கை. பொனவெந்தூர் மெட்ரோவுக்குப் பக்கத்தில், 1894-ல் திறக்கப்பட்ட மரி-ரேன்-டு-மோந்த் பேராலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பிரெஞ்சில் 'கத்தெத்ரால்' என்பது கட்டடம் பெரிது என்பதற்காக அல்ல. ஆயரின் கதிரை அங்கே இருப்பதற்காக.

லத்தீனின் மற்றப் பிள்ளைகள் இந்தச் சொல்லை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் போனார்கள். இத்தாலியர் 'காத்தெத்ரா' என்றால் ஆசிரியரின் மேசை. பிரெஞ்சில் அது தேய்ந்து 'ஷேர்' ஆனது. ஒரு காலத்தில் பாரிஸ்காரர் 'ர்' வரும் இடத்தில் 'ஸ்' போட்டு உச்சரித்ததால் 'ஷேஸ்' என்று இன்னொரு வடிவமும் வந்தது. இப்போது நாம் இருப்பது ஷேஸில். பிரசங்க மேடையும் பேராசிரியர் பதவியும் ஷேர். 2000-ல் கனடா தொடங்கிய ஆய்வுப் பேராசிரியர் பதவிகளுக்கும் பிரெஞ்சில் அதுதான் பெயர். ஆங்கிலத்தின் 'செயர்' கூடப் பழைய பிரெஞ்சிலிருந்து போனதுதான்.

என்னோடு வேலை செய்யும் கொலம்பியப் பெண் ஒருநாள் 'கதேரா' நோகிறது என்றார். எனக்குக் கதிரை என்றே கேட்டது. அவர் கை வைத்துக் காட்டியதோ இடுப்பை! ஸ்பானிய மொழியில் பொருள் இருக்கையிலிருந்து, இருக்கையில் படுகிற உடம்புக்கு நகர்ந்து, கடைசியில் இடுப்பில் போய் நின்றுவிட்டது.

நான் கணினித் துறையில் இருப்பவன். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தந்தால் எங்களுக்குத் தலையிடி. உடனே திருத்தச் சொல்வோம். மொழிகளில் அப்படி யாரும் திருத்துவதில்லை. இடுப்பு என்று சொல்லும் ஸ்பானியரும் பிழை இல்லை, மேசை என்று சொல்லும் இத்தாலியரும் பிழை இல்லை. லத்தீனில் அப்படி இல்லையே என்று அவர்களை யாரும் வெட்டி எழுதுவதில்லை. சுமார் நானூறு வருடமாகப் புழங்கும் எங்கள் கதிரை மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? பரீட்சையில் 'நாற்காலி' கேட்டால் அதையும் எழுதுங்கள். இரண்டும் உங்களுடையவைதான்.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். அம்மம்மாவோடு கதைக்கும்போது 'அலுமாரி' என்று அவர் சொல்வதைக் கவனியுங்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் படித்த 'ஆர்முவார்' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே லத்தீன் தாய். சப்பாத்தின் கதையை நீங்களே தேடிப் பிடியுங்கள்.