சிவப்புப் பட்டனில் விரல் பட்டபோது

ஒரே கேமராவைப் பற்றி என் மச்சான் சொன்னது: “அத்தான், சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிடலாம். இதுக்கு மேல என்ன வேணும்?” அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தங்கை சொன்னது: “அண்ணே, வாங்கி ரெண்டு ரோல் எடுத்தேன். அதுக்கப்புறம் அலமாரியிலதான் தூங்குது.” இரண்டுமே ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. யார் சொல்வது சரி என்று தெரியவில்லை. தங்கையின் கேமராவை இரவல் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு சனிக்கிழமை காலை சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கினேன்.

சிங்கப்பூரில் பழைய ஃபிலிம் கேமரா என்றால் கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர்தான். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தால் ஐந்து நிமிடம். பக்கத்திலிருக்கும் பெனின்சுலா பிளாசா பர்மாக்காரர்களின் பேட்டை. அங்கிருந்து வரும் கருவாட்டு வாசனையைத் தாண்டித்தான் கேமராப் பக்கம் போக வேண்டும். பதினொரு மணிக்கும் பாதிக் கடைகள் திறக்கவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அவசரம் கிடையாது.

நான் நுழைந்த கடை நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். எழுபதைத் தொட்ட சீனப் பெரியவர், கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு லென்ஸைப் பிரித்துப் போட்டிருந்தார். எக்ஸ்ஏ என்றதும் நிமிராமலே கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்றை எடுத்து வரிசையாக வைத்தார். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி. சோப்புக்கட்டியை விடக் கொஞ்சம் பெரிது, எடை 225 கிராம்தான்.

மூடியை விரலால் தள்ளினேன். ‘டக்’ என்று திறந்துகொண்டது. இந்த மூடிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. எக்ஸ்ஏ போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, தனி ஜன்னல் வழியாக. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டு ரோல் முழுக்க இருட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். 1979இல் எக்ஸ்ஏவைக் கொண்டுவந்த மைதானி யோஷிஹிசா, லென்ஸையும் ஜன்னலையும் சேர்த்து மறைக்கிற ஒரே மூடியை வைத்துவிட்டார். மூடியிருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஷட்டரும் இயங்காது. மறக்க வழியே இல்லை. தோல் உறையும் வேண்டியதில்லை. ஒலிம்பஸ் பென்னையும் ஓஎம்-1ஐயும் வடிவமைத்தவர் அவர்தான். தொல்லையை வெளியே தள்ளிவிட்டு மிச்சத்தைக் கேமராவாக்கியவர் என்று எனக்குத் தோன்றும்.

இனி அந்தச் சிவப்புப் பட்டன். மேல்தகட்டோடு தகடாகப் படிந்து கிடக்கும் சிறு சதுரம். மற்றக் கேமராக்களில் பட்டனை அழுத்தினால் உள்ளே இறங்குவது விரலுக்குத் தெரியும். இதில் இறங்குவதாகவே தெரியாது. தொட்டாலே போதும், மின்சாரம் ஷட்டரைத் திறந்துவிடும். கேமரா அசையாது என்பதால் மங்கிய வெளிச்சத்திலும் படம் கலங்காமல் வரும். மச்சான் கொண்டாடுவது இதைத்தான். கை சும்மா இல்லாதவர்களுக்கோ இதுவே வினை. நானும் பெரியவரிடம் பேசிக்கொண்டே இரண்டு முறை தட்டிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஃபிலிம் விலையை மட்டும் சொன்னார்.

மூன்றில் ஒன்றைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். நடுவில் மஞ்சளாகத் தெரிய வேண்டிய ரேஞ்ச்ஃபைண்டர் பொட்டு, வெளுத்த சலவைக் குறிபோல இருந்தும் இல்லாமலும் இருந்தது. எதிர்க் கடைப் பலகையின் இரண்டு பிம்பங்களை ஒன்றாகப் பொருத்த முடியவில்லை. பெரியவர் முன்பக்க ஜன்னலின் நடுவில் கடுகளவு கறுப்பு டேப்பை ஒட்டிக் கொடுத்தார். பொட்டு சட்டென்று எழுந்து வந்தது. கைவைத்தியம்தான், ஆனால் வேலை செய்கிறது. இரண்டாவதில் பொட்டு பளிச்சென்று இருந்தது. மூன்றாவதன் பின்கதவைத் திறந்தேன். வெளிச்சம் புகாமல் இருக்க ஓரத்தில் ஒட்டியிருந்த பஞ்சு தாராக உருகி விரலில் அப்பிக்கொண்டது. நாற்பது வருடத்துக்கு மேலான பஞ்சு எந்தக் கேமராவில்தான் தாங்கும்?

பிறகு தங்கையின் கேமராவை மேசையில் வைத்தேன். அவர் அடிப்பக்கத்துச் சிறு மூடியைக் காசால் திருகினார். உள்ளே பச்சை. பேட்டரியைப் போட்டபடியே அலமாரியில் வைத்திருக்கிறாள், அது கசிந்து பாசியாகப் பூத்திருக்கிறது. எக்ஸ்ஏ பேட்டரி இல்லாமல் ஒரு படம்கூட எடுக்காது. பஞ்சுக் குச்சியை வினிகரில் தோய்த்துப் பொறுமையாகத் துடைத்தார். பச்சை கறுப்பாகி, கறுப்பு பித்தளையானது. புதிதாக இரண்டு எல்ஆர்44. அடியில் இருக்கும் நெம்பைச் சோதனைக்கு இழுத்ததும் ‘பீ...’ என்று ஒரு கூவல். எனக்கே புல்லரித்துவிட்டது. சிவப்புப் பட்டனைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி. ஊஹூம். மூன்றாவது தடவை சின்னதாக ஒரு ‘டிக்’.

“ஒரு வாரம் விட்டுட்டுப் போ. பார்க்கிறேன், சத்தியம் பண்ண மாட்டேன்” என்பதுதான் அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம். உதிரி பாகம் வேண்டுமென்றால் செத்துப்போன இன்னொரு எக்ஸ்ஏவிலிருந்துதான் எடுக்க வேண்டுமாம்.

இதற்குள் கழுவக் கொடுத்த ஃபிலிமை வாங்க ஒரு தமிழ்ப் பெரியவர் வந்தார். என் கையிலிருப்பதைப் பார்த்ததும், “தம்பி, எக்ஸ்ஏவா? நான் புதுசாவே வாங்கினவன்” என்றார். அவருடையது இன்னும் ஓடுகிறது. குறையையும் அவரே சொன்னார். “அப்பர்ச்சரை 2.8ல வச்சா மூலையெல்லாம் இருட்டுக் கட்டும். 5.6ல வச்சா சுத்தமா இருக்கும். அது பரவாயில்ல. லென்ஸுக்கு அடியில ஃபோகஸ் நெம்பு இருக்கு பாருங்க, இப்ப என் விரலுக்கு அகப்பட மாட்டேங்குது. அதைத் தேடி முடிக்கிறதுக்குள்ள பேரப்பிள்ளை எழுந்து ஓடிடுறான்.” அதனால் இப்போது அப்பர்ச்சரை எட்டில் வைத்து, மூன்று மீட்டருக்கு நெம்பைத் தள்ளி, தொடுவதே இல்லையாம்.

பக்கத்தில் நின்ற பாலிடெக்னிக் மாணவன் சிரித்தான். அவனிடம் இருப்பது எக்ஸ்ஏ2, 1980இல் வந்தது. கிட்டே, நடு, தூரம் என்று மூன்றே நிலை. மூடியை மூடினால் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். விலையும் குறைவு, தலைவலியும் குறைவு என்பது அவன் கட்சி. நியாயம்தான். அவசரக்காரருக்கு அதுதான் சரி. கண்ணாடிப் பெட்டியில் 1997ஆம் வருடத்து ஒலிம்பஸ் மியூ-2வும் இருந்தது. அதைத் திறக்கும்போதெல்லாம் ஃப்ளாஷ் தானியங்கி நிலைக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் அணைக்க எனக்குப் பொறுமையில்லை. விலைச் சீட்டைப் பார்த்ததும் ஆசையும் இல்லை.

இரண்டாவது எக்ஸ்ஏவையே வாங்கினேன். கடையிலேயே கோடக் கோல்டு 200 ஒன்றைப் போட்டு, பெருவிரலால் சக்கரத்தை உருட்டி முதல் படத்துக்குக் கொண்டுவந்தேன்.

ஃபிலிம் கழுவி வந்தபோது 37 படம். முதல் படத்தில் கடையின் தரை ஓடு, இரண்டாவதில் கடைக்காரப் பெரியவரின் ரப்பர் செருப்பு. இரண்டும் நான் எடுக்க நினைத்தவையல்ல. மிச்சத்தில் கோப்பிக்கடையில் எடுத்த ஒன்றில், கண்ணாடிக் குவளையின் விளிம்பில் நுரை ஒட்டியிருப்பதுவரை தெரிகிறது. தங்கையின் கேமரா ஒரு வாரம் கழித்து வந்தது. பத்துக்கு ஒன்பது தடவை பட்டன் கேட்கிறது. அந்த ஒன்றுக்காக அவள் இன்னும் நம்பவில்லை.

நீங்கள் வாங்கப் போனால் இரண்டு எல்ஆர்44 பேட்டரியையும் மூடியைத் திருக ஒரு காசையும் கையோடு கொண்டுபோங்கள். கூவுகிறதா, பட்டன் இருபது முறையும் கேட்கிறதா, மஞ்சள் பொட்டு தெரிகிறதா என்று அங்கேயே பாருங்கள். “பேட்டரி இல்லை, ஆனால் ஓடும்” என்பவரிடம் காசை நீட்டாதீர்கள்.