போணக்காட்டுப் பாதையில் ஒரு பஞ்சர்

காற்றடைத்த டயர் மக்களிடையே பரவியதற்கு ஒரு சிறுவனின் மூன்று சக்கர வண்டியே காரணம். பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் வண்டி கற்களில் குலுங்காமல் ஓட வேண்டுமென விரும்பினார். ரப்பர்க் குழாயில் காற்றை நிரப்பிச் சக்கரத்தில் பொருத்தினார். அது 1888ஆம் ஆண்டு. தாம்சன் என்பவர் 1845இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தும், அன்று அது பரவவில்லை. காற்று வந்த நாளிலேயே பஞ்சரும் உடன் வந்திருக்க வேண்டும்!

இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி கேரளத்தில் விளைகிறது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாக விதுரை செல்லும்போது, சாலையோர மரங்களில் பால் வடியும் கிண்ணங்கள் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். விதுரையைக் கடந்து ஒரு கிளைப்பாதை போணக்காட்டிற்குப் பிரிகிறது. அகத்தியர்கூட மலையேற்றம் தொடங்கும் இடம் அதுவே. மலையின் மறுபுறம் தமிழ்நாடு. அங்கு அதனைப் பொதிகை என்போம்.

ஒரு மார்கழி மாதத்தில் என் தம்பி மகனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு அப்பாதையில் மோட்டார் சைக்கிளில் சென்றேன். அவன் திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். எட்டாம் வகுப்பு மாணவன். வனத்துறைச் சோதனைச் சாவடியில், "இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள், யானை இறங்கும்" என்று எச்சரித்தனர். தார் பெயர்ந்து கல்லும் குழியுமாகக் கிடந்தது பாதை. பாழடைந்த தேயிலைத் தோட்டத்தருகே, "பெரியப்பா, வண்டி ஆடுகிறதே!" என்றான். பின்சக்கரம் தரையோடு படிந்திருந்தது. கைப்பேசியில் சமிக்ஞை இல்லை. மணி மூன்றரை.

ஆரக்கால்கள் கொண்ட சக்கரம் அது. அவ்வகைச் சக்கரத்துக்குப் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும். டியூப் இல்லாத டயராயின் வெளியிலிருந்தே துளையை அடைத்துவிடலாம். இதற்கோ சக்கரத்தையே கழற்ற வேண்டும். நிறுத்துதாங்கி மண்ணில் புதையாதிருக்கத் தட்டையான கல்லொன்றை அடியில் வைத்தோம். பிரேக் கம்பியை விடுவித்து, அச்சாணியை உருவி, சங்கிலியை விலக்கிச் சக்கரத்தை எடுத்தோம். பின்னர்தான் உண்மையான போராட்டம். டயரின் விளிம்பு இரும்பு வளையத்தை இறுகப் பற்றியிருந்தது. ஒரு பக்கத்தை மிதித்து வளையத்தின் நடுப்பள்ளத்தில் இறக்கினால்தான் எதிர்ப்பக்கம் நெகிழும். வலிமையால் மட்டும் நெம்பினால் டியூப் கிழிந்துவிடும்.

அப்போது லயத்து வீடொன்றிலிருந்து மூதாட்டி ஒருவர் வந்தார். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருந்தது.

"எந்த ஊரு மக்கா?" என்று தமிழிலேயே கேட்டார்.

அவருடைய பாட்டி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்தவராம். தொழிற்சாலை மூடிய பின்னும் அவர் அங்கேயே தங்கிவிட்டார். கேளாமலே ஒரு குண்டானில் தண்ணீரும் ஒரு துண்டுச் சவர்க்காரமும் கொண்டுவந்தார்.

டியூபில் காற்றடித்து நீரில் அமிழ்த்தினோம்.

"குமிள! குமிள!" என்று மலையாளத்தில் கூவினான் பையன்.

"குமிழின்னு சொல்லு ராசா" என்றார் பாட்டி. இருவரும் சிரித்தனர்.

துளையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பசை தடவினோம். பசை உலர்ந்து விரலில் ஒட்டாத நிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம் மிக நீண்டது. மூங்கில் முறியும் ஓசை எங்கோ கேட்டது. ஒட்டுத்துண்டை வைத்து அழுத்திய பின், டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் துடைக்கச் சொன்னேன். வெறுங்கையால் தடவினால் விரல் கிழிபடும். துணி ஓரிடத்தில் சிக்கியது. பழைய வேலிக் கம்பியின் துண்டு! அதனை எடுக்காமல் மூடியிருந்தால் அரை மைல்கூடப் போயிருக்க முடியாது. சவர்க்கார நீர் தடவியதும் டயர் வழுக்கிக்கொண்டு உள்ளே அமர்ந்தது. பையனே காற்றடித்தான்.

பாட்டியிடம் பணம் நீட்டினேன், வாங்க மறுத்தார். "சீக்கிரம் இறங்குங்க, நேத்து ராத்திரி இங்கதான் நின்னுச்சு" என்று பாதையோரத்து யானை இலத்தியைக் காட்டினார்.

சாவடியை அடைந்தபோது ஆறு மணிக்குச் சில நிமிடங்களே இருந்தன. காவலர் பின்சக்கரத்தைக் காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத் தடைக்கம்பத்தை உயர்த்தினார்.